பீர் இருக்கட்டும், டீக்கடை பெஞ்சு எங்கே?

2018ஆம் ஆண்டின் முதல் ஆறு வாரங்களுக்குள் நமக்கு அருகருகே இரண்டு ஆட்சியாளர்கள், பெண்ணின் கையில் இருக்கும் பீர்க் கோப்பையைக் கண்டு கலங்கினார்கள். இலங்கையில், மதுக்கடை வளாகத்தில் பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1979 முதல் இருந்த தடையை அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர ஜனவரியில் நீக்கினார். மதுக்கூடங்களில் பெண்கள் வேலை பார்க்க இருந்த கட்டுப்பாடும் அதோடு போயிற்று. சில நாள்தான். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தலையிட்டார். பழைய தடையே திரும்பி வந்தது. பெண்கள் சிலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். அடுத்த மாதம் கோவாவின் முதலமைச்சர் மனோகர் பாரிக்கர், இளையோர் நிகழ்ச்சி ஒன்றில் பேசும்போது, பெண்பிள்ளைகளும் பீர் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது என்ற பொருளில் சொன்னார்.

கோவாவில் மதுக்கடைக்குப் பஞ்சமில்லை. இலங்கையில் ஆண்கள் வாங்கும் கடைகள் மறுநாளும் திறந்துதான் இருந்தன. குடல் வெந்து சாகிற ஆண்களைப் பார்த்து வராத பயம் ஒரு பெண்ணின் கோப்பையைப் பார்த்து வருகிறதென்றால், அந்தப் பயத்துக்கும் மதுவுக்கும் சம்பந்தமில்லை. அவள் சாயங்காலம் வெளியே உட்கார்ந்திருக்கிறாள், தன் காசை எடுத்து வைக்கிறாள், யாரையும் கேட்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதைக் கண்டு வருகிற பயம் அது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண் குடிக்கலாமா கூடாதா என்பது நம் கேள்வியே அல்ல. அதைக் கலாச்சாரக் காவலர்கள் ஒரு பக்கத்திலிருந்து கேட்கிறார்கள், மது விற்பவர்கள் இன்னொரு பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். நாம் கேட்க வேண்டியவை நான்கு. உழைத்த பெண்ணுக்கு உட்கார இடம் உண்டா? செலவழிக்கத் தன் காசு உண்டா? இது பிடிக்கிறது, இது பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் உண்டா? பயமில்லாமல் வீடு திரும்ப வழி உண்டா? இந்த நான்கும் இல்லாத ஊரில் பெண்ணின் குடியைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சு.

கசப்பு ஆகாதாம்

சென்ற கோடையில் ஒரு கருத்தரங்குக்காகப் பெங்களூரு போயிருந்தேன். கட்டுரை வாசித்து முடித்த மாலை, தோழிகள் மூவருடன், அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் கிராஃப்ட் பீர்க் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். கோடைச் சிறப்பு என்று ஒன்று பட்டியலில் இருந்தது. பேஷன் பழமும் கறுப்புத் தேயிலையும் சேர்த்துப் புளிக்க வைத்த பீர், வாசனைக்கு மலை ஏலக்காய். எங்கள் போடிநாயக்கனூர் ஏலக்காய் எதிர்பாராத இடத்தில் கூப்பிட்டது போல இருந்தது. பரிமாற வந்த இளைஞர் நல்ல பிள்ளை, உதவுவதாக நினைத்துத்தான் சொன்னார்: “மேம், இது லேடீஸுக்கு நல்லா இருக்கும். ஸ்வீட்டா, லைட்டா. கசக்காது.”

குடித்தேன். நன்றாகவே இருந்தது. முதலில் பழத்தின் புளிப்பு, அதன் பின்னால் சுட்ட ரொட்டியைப் போன்ற பார்லி மணம், கடைசியில் தேயிலையின் துவர்ப்பு நாக்கின் ஓரங்களைப் பிடித்து லேசாக இழுத்தது. ஏலக்காய், விழுங்கிய பிறகுதான் மூக்குக்கு வந்தது. வெயிலுக்கு இதமான பானம். ஆனால் இனிப்பு ஒரு மடங்கு அதிகம். தேநீரும் பீரும் சேர்ந்தால் துவர்ப்பும் கசப்பும்தான் பேச வேண்டும். அந்த இரண்டையும் சர்க்கரை போட்டு வாயடைத்திருந்தார்கள். அடுத்து, பட்டியலில் இருந்ததிலேயே கசப்பானதைக் கேட்டு வாங்கினேன். அந்த இளைஞர் இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொண்டார்.

பெண்ணுக்குக் கசப்பு ஆகாது என்று யார் கண்டுபிடித்தது? பாகற்காயும் சுண்டை வற்றலும் வேப்பம்பூ ரசமும் நம் வீட்டுச் சமையல். பிள்ளை பெற்றவளுக்கு உருட்டிக் கொடுக்கும் மருந்தைவிடக் கசப்பானது எந்தப் பீரிலும் இல்லை. கசப்பை விழுங்குவது பெண்ணின் கடமை, கசப்பை ரசிப்பது ஆணின் உரிமை என்று பிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது அந்த ஒரு கடையின் பழக்கமும் இல்லை. 2011இல் பிரிட்டனில் மோல்சன் கூர்ஸ் நிறுவனம் பெண்களுக்கென்றே ‘அனிமே’ என்றொரு பீரைக் கொண்டுவந்தது. எலுமிச்சை வாசனையில் ஒன்று, இளஞ்சிவப்பில் ஒன்று, குடித்தால் வயிறு உப்பாது என்ற விளம்பரத்தோடு. பெண்கள் சீண்டவில்லை, அடுத்த ஆண்டே எடுத்துவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1929இல் நியூயார்க்கின் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்களின் கையில் சிகரெட்டைக் கொடுத்து நடக்கவிட்டு, அதற்கு விடுதலைச் சுடர் என்று பெயர் சூட்டினார் எட்வர்ட் பெர்னேய்ஸ் என்ற விளம்பர வித்தகர். பின்னால் இருந்தது பெண்ணியம் இல்லை, ஒரு புகையிலை நிறுவனம். ஆகவே மாணவிகளே, கோப்பை கைக்கு வந்ததும் விடுதலை வந்துவிட்டதாக யாராவது சொன்னால், விலைச்சீட்டைத் திருப்பிப் பாருங்கள். அன்று என் கையில் இருந்த ஒரு கோப்பையின் விலை, போடி மலையில் காய் எடுக்கும் என் அத்தை மகளின் ஒரு நாள் கூலிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

உடம்பைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது. மார்பகப் புற்றுநோய்க்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பு மருத்துவம் அறிந்தது. தேயிலையும் பழமும் சேர்த்ததால் பீர் கஷாயம் ஆகிவிடாது. இதைத் தெரிந்துகொண்டு வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் வளர்ந்த ஒரு பெண்ணின் முடிவு. முதலமைச்சர் பயப்படுவதற்கோ விளம்பரக்காரர் கைதட்டுவதற்கோ அதில் ஒன்றுமில்லை.

காய்ச்சியவள் யார்

பெண்ணும் மதுவும் என்ற பேச்சு வந்தாலே, நம் பண்பாட்டில் உண்டா என்று கேட்பார்கள். தமிழ் படித்தவள் என்பதால் இதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைப் பாடும் இடத்தில் ஒரு செய்முறை இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, முளைநெல் இடித்த மாவைக் கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்துப் பக்குவமாகப் புளிக்கவிட்டு, விரலால் அலைத்து வடித்தெடுக்கிறார்கள். தானியத்தை முளைகட்டி, அந்த முளையின் உதவியால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிப் புளிக்க வைப்பதற்கு இன்றைய பெயர் பீர். பார்லிக்குப் பதில் அரிசி, அவ்வளவே வேறுபாடு. அதே நூலில் இன்னொரு இடத்தில், கள் சமைக்கும் பெண்கள் கிண்ணம் கழுவி ஊற்றிய நீர் சேறாகிக் கிடப்பதும் அதில் பன்றிகள் புரள்வதும் வருகின்றன. சமைத்தவர்கள் பெண்கள் என்று புலவர் இயல்பாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அவருக்கு அதில் வியப்பில்லை. பட்டினப்பாலையின் காவிரிப்பூம்பட்டினத்தில், இரவில் கள்ளை விலக்கி வேறு மதுவைத் தேர்ந்து மகிழும் பெண்கள் இருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில், கள் விற்கும் பெண் கடன் தர மறுத்துவிட, மறவன் ஆநிரை கவரக் கிளம்புகிறான். கடன் இல்லை என்று ஆயுதம் ஏந்தியவனிடம் சொல்லும் அதிகாரம் அவளுக்கு இருந்தது.

ஒவ்வோர் ஆண்டும் புறநானூற்றின் 235ஆம் பாடலை நடத்துகிறேன். அதியமான் இறந்தபின் ஒளவையார் பாடியது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் உண்டு பாட, மிச்சத்தைத் தான் மகிழ்ந்து உண்பான் என்று அழுகிறார். வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். “மேடம், ஒளவையார் குடிப்பாரா?” அவர்களின் மனதில் இருப்பது 1953இல் வந்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஏற்ற, விபூதி பூசிய பாட்டி. ஒளவை என்ற பெயரில் வெவ்வேறு காலத்துப் புலவர்கள் உண்டு என்பதைச் சொல்லி முடித்தாலும் சில முகங்கள் தெளிவதில்லை. அரசனோடு சரிசமமாக உட்கார்ந்து உண்டு, அவனுக்காகத் தூது போய், அவன் செத்தபோது இலக்கியம் படைத்த பெண்ணைப் பாட்டியாக்கிக் கோலை ஊன்ற வைத்தால்தான் நமக்கு நிம்மதி.

இதைச் சொல்வதால் சங்ககாலத்தைப் பொற்காலம் என்று கூப்பிடச் சொல்லவில்லை. அங்கே கள் வார்த்துக் கொடுத்த பெண்கள் பலர் ஏவல் செய்தவர்கள். நான் சொல்வது ஒன்றுதான்: பண்பாடு என்று நம்மிடம் நீட்டப்படுவது பாதி கிழிக்கப்பட்ட ஏடு. வள்ளுவர்கூடக் கள்ளுண்ணாமையைப் பெண்ணுக்கென்று எழுதவில்லை. அந்த அதிகாரத்தில் பெற்ற தாயின் முகத்தின் முன் நிற்க முடியாதவனாக வருபவன் குடித்தவன்.

கிழிந்த பாதியில் ஒரு பொதுக்கதை இருக்கிறது. சுமேரியர்களுக்குப் பீரின் தெய்வம் நின்காசி என்ற பெண். இடைக்கால இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு ஏல் காய்ச்சி விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பதினான்காம் நூற்றாண்டுக்குப் பிறகு ஹாப்ஸும் பெருமுதலும் சங்கங்களும் வந்து, 1600 வாக்கில் அது ஆண்களின் தொழிலாகிவிட்டதை வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னெட் விரிவாக எழுதியிருக்கிறார். ஜார்க்கண்டின் சந்தைகளில் ஹண்டியா என்ற அரிசி பீரைக் காய்ச்சி விற்பவர்கள் இன்றும் ஆதிவாசிப் பெண்கள். வீட்டு அடுப்பில் இருக்கும் வரை அது பெண்ணின் வேலை. லாபம் வந்ததும் அது ஆணின் தொழில். சமையலுக்கும் தையலுக்கும் நடந்தது மதுவுக்கும் நடந்தது.

கிரண் மஜும்தாரின் கதை நம் காலத்துச் சான்று. அப்பா யுனைடெட் புரூவரீஸில் தலைமை மதுவடிப்பாளர். மகள் ஆஸ்திரேலியாவில் அதே கலையைப் படித்தார்; வகுப்பில் ஒரே பெண். 1970களின் நடுவில் தேர்ச்சியோடு ஊர் திரும்பியவருக்கு, இது ஆண்களின் வேலை என்று சொல்லித் தலைமை மதுவடிப்பாளர் பொறுப்பைத் தர யாரும் முன்வரவில்லை. 1978இல் அவர் பெங்களூரில் பயோகான் தொடங்கினார். அவர் வென்றார், சரி. அவ்வளவு வழி இல்லாமல் திரும்பிய பெண்களின் கதையை யார் எழுதுவது? பெண் குடிக்கலாம் என்று இனிப்புப் பீர் தரும் தொழில், பெண் காய்ச்சலாம் என்று சொல்ல இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது.

கடையை உடைத்தவளும் கோப்பை எடுத்தவளும்

இந்த இடத்தில் ஒரு நியாயமான கோபம் எழும். “டாஸ்மாக்கால் தாலி இழந்த பெண்கள் தெருவில் போராடும் மாநிலத்தில் பெண்ணின் பீர் ருசியைப் பற்றி எழுத எப்படி மனம் வருகிறது?” இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போனால் இந்தக் கட்டுரைக்கு நேர்மை இல்லை.

1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை முழுவதுமாக எடுத்துக்கொண்டது. 2003-04இல் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 3,639 கோடி ரூபாய். 2023-24இல் 45,855 கோடி. இந்தப் பணம் எந்தச் சட்டைப்பையிலிருந்து வருகிறது, அந்தச் சட்டைப்பை நிறைந்திருந்தால் எந்த அடுப்பு எரிந்திருக்கும் என்பது தமிழ்நாட்டுப் பெண்களுக்குத் தெரியும். 1992இல் நெல்லூர் மாவட்டத்தின் துபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு ஆந்திரம் முழுக்கப் பரவி, அடுத்த ஆண்டே சாராயத்தைத் தடை செய்ய வைத்தது. நெடுஞ்சாலை ஓரக் கடைகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபின், 2017இல் கடைகள் ஊருக்குள் நுழைந்தபோது தமிழ்ப் பெண்கள் மறித்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படி மறித்த ஒரு பெண்ணின் கன்னத்தில் காவல் அதிகாரி அறைந்ததை நாடே பார்த்தது.

அந்த அறையையும் மங்களூரு அறையையும் சேர்த்துப் பாருங்கள். 2009 ஜனவரி 24 அன்று மங்களூரில் ஒரு பப்பில் இருந்த பெண்களை ஸ்ரீராம் சேனையினர் அடித்து, முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். 2018இல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். ஒருத்தி மதுக்கடை வேண்டாம் என்றதற்காக அடி வாங்கினாள். இன்னொருத்தி மதுக்கடையில் உட்கார்ந்ததற்காக அடி வாங்கினாள். வேண்டாம் என்றாலும் அடி, வேண்டும் என்றாலும் அடி என்றால், அடி விழுவது மதுவுக்காக இல்லை. பெண் தன் விருப்பத்தைப் பொதுவெளியில் சொன்னதற்காக. இந்த இரண்டு பெண்களையும் எதிரிகளாக நிறுத்துகிற பட்டிமன்றத்துக்கு நாம் நடுவராகப் போகக் கூடாது. கடையை உடைத்தவள் கேட்டது தன் வீட்டின் கூலியை, தன் உடம்பின் பாதுகாப்பை. கோப்பை எடுத்தவள் கேட்டதும் அவற்றில் ஒரு பங்கைத்தான்.

உழைக்கும் பெண்கள் குடிப்பதே இல்லை என்ற கற்பனையையும் கைவிட வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். உடல்வலிக்குக் குடிக்கிற கூலிப் பெண்ணைப் பற்றி நம் பெண்ணியத்திலும் பேச்சில்லை. அவள் செத்தபின்தான் பட்டியலில் வருகிறாள். காளிக்குச் சாராயம் படைக்கும் ஊர், அந்தக் கூலிக்காரியின் வலியைக் கேட்கவும் வெட்கப்படுகிறது.

ஏலத்தைப் பறித்தவள்

கோப்பையில் மணத்த ஏலக்காய்க்கு வருகிறேன். போடி, ஏலத்தை ஏலம் விடும் ஊர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கேயும் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது ஊரே அதைப் பேசியது. கூலி அந்த விலையோடு கட்டப்பட்டதில்லை என்பதைப் பேசியவர்கள் குறைவு.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காயோ அடியில், தரையை ஒட்டி ஓடும் சரத்தில் காய்க்கும். அதனால் காய் எடுப்பவள் நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் இருக்க வேண்டும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் கொங்காணி, காலில் அட்டை. பூச்சிமருந்து அடித்த வாடை போகாத செடிக்குள் கை. போடி, தேவாரம், கம்பம், கூடலூர் பக்கத்துப் பெண்கள் இருட்டோடு எழுந்து, ஆளுக்கு மேல் ஆள் ஏற்றிய ஜீப்பில் போடிமெட்டு, கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறி இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். இருட்டியபின் இறங்குகிறார்கள். ஜீப் கவிழ்ந்த செய்தி எங்கள் பக்கத்தில் புதிதில்லை.

மேலே தேயிலை. மூணாறில் 2015 செப்டம்பரில் தேயிலை பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தலித் தமிழ்ப் பெண்கள், போனஸ் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அப்போது நாள் கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை, வீட்டு ஆண்களை முன்வரிசைக்கு விடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 20 விழுக்காடு போனஸை வாங்கினார்கள். அந்த ஆண்டே கூலி 301 ரூபாய் ஆனது.

அவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது தெரியுமா? 2017 ஏப்ரலில் கேரள மின்துறை அமைச்சர் எம்.எம். மணி, அந்தப் போராட்டக் காலத்தில் அங்கே குடியும் மற்ற ஒழுக்கக் கேடுகளும் நடந்தன என்ற பொருளில் மேடையில் பேசினார். பெண்கள் மூணாறு வீதியில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அமைச்சர் தம் பேச்சு திரிக்கப்பட்டதாகச் சொன்னார், வருத்தம் தெரிவித்தார். அவர் கட்சியே அவரைக் கண்டித்தது. ஆனால் கவனியுங்கள். கூலி கேட்ட பெண்ணைத் தாழ்த்த, கணக்கு தேவைப்படவில்லை, வாதம் தேவைப்படவில்லை. ‘குடி’ என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. அந்தச் சொல்லின் கூர்மையை மழுங்கடிக்காமல் நம் எந்தப் போராட்டமும் பாதுகாப்பானதில்லை. நாளை நீங்கள் சம்பளம் கேட்டாலும், பாலியல் புகார் கொடுத்தாலும், அவள் குடிப்பாள் என்று சொல்லி முடித்துவிடலாம் அல்லவா?

2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து, லயத்தில் தூங்கிக்கொண்டிருந்த எழுபது தேயிலைத் தோட்டத்து உயிர்களை மூடியது. கோப்பையில் மலைத் தேயிலை என்று எழுதுகிற பட்டியல் அட்டை, இந்த மலையின் வீடுகளைப் பற்றி ஒரு சொல் எழுதுவதில்லை.

உட்காரும் இடம்

பெங்களூரிலிருந்து திரும்பியதும், போடியில் கிடங்கில் பல ஆண்டுகள் காய் பொறுக்கிய என் அத்தையிடம் அந்தப் பீரைப் பற்றிச் சொன்னேன். ஏலக்காய் போட்டது என்றதும் சிரித்தார்.

“ஏந்தாயி, இனிப்பா இருந்துச்சா?”

“முதல்ல இனிப்பு அத்தை. ரெண்டாவதா வாங்குனது கசப்பு.”

“கசப்பத் துட்டுக் குடுத்தா வாங்குன? இங்க சும்மாவே கெடக்கேடி.” கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “எம்புட்டு நேரம் உக்காந்திருந்தீக?”

“மூணு மணி நேரம் இருக்கும்.”

“நாலு பொம்பளைக, மூணு மணி நேரம், சும்மா உக்காந்து பேசிக்கிட்டு? ஒருத்தரும் எந்திரிங்கன்னு சொல்லல?”

அவருக்குப் பீர் ஆச்சரியமில்லை. நாற்காலிதான் ஆச்சரியம்.

இந்த நாட்டில் உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்தது. கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ அமைப்பாகத் திரண்டு போராடியபின், 2018இல் கேரளம் கடை ஊழியர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் திருத்தியது. ஏலக்காட்டுக்கும் கிடங்குக்கும் அந்த நாற்காலி எப்போது வரும்?

பீரை விடுங்கள், டீயைப் பாருங்கள். போடிப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் காலை ஐந்து மணிக்குப் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பத்திரிகை விரித்த ஆண்கள். ஜீப்புக்குக் காத்திருக்கும் பெண்கள் சாலையோரம் நின்றபடி, பார்சலில் வாங்கிய டீயை ஆளுக்குக் கொஞ்சமாக ஊற்றிக் குடிக்கிறார்கள். யாரும் பலகை மாட்டித் தடுக்கவில்லை. பலகை தேவைப்படாத அளவுக்குத் தடை பழகிவிட்டது. இந்தப் பெண்களில் பலரின் தாத்தாக்களுக்கு அதே மாதிரிக் கடைகளில் தனிக் குவளை வைத்திருந்தார்கள். சில ஊர்களில் அது போய்விட்டதாக இன்றும் சத்தியம் செய்ய முடியாது. இந்த ஊரில் கோப்பை எப்போதும் சாதியையும் பாலினத்தையும் கேட்டுத்தான் நிரம்பியிருக்கிறது. மலை முழுக்கத் தேயிலை பறிக்கிற இனத்துக்கு, அடிவாரத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கப் பெஞ்சு இல்லை.

பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறோம் என்பார்கள். 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அனுஜ் கார்க் வழக்கில் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற 1914ஆம் ஆண்டுப் பஞ்சாப் கலால் சட்டப் பிரிவை அது செல்லாதாக்கியது. ஆபத்து என்றால் அந்த இடத்தைப் பாதுகாப்பாக்குவது அரசின் வேலை; பெண்ணின் உரிமையைக் குறைப்பது பாதுகாப்பு ஆகாது என்பதே அதன் சாரம். தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகளாகியும், நான் அறிந்த ஒரு கல்லூரி விடுதியில், விடுமுறையில் வெளியூர் போனபோது எடுத்த ஒரு படத்தில் மேசைமேல் பீர்ப்புட்டி இருந்ததற்காக ஒரு மாணவியை வெளியேற்றினார்கள். புட்டி அவளுடையதா என்று யாரும் கேட்கவில்லை. அதே கல்லூரியின் ஆண்கள் விடுதிக்குப் பின்னால் கிடந்த புட்டிகளை வாரம் ஒருமுறை அள்ளியவர் துப்புரவுப் பணிசெய்த ஒரு பெண். அந்த மாணவியின் அப்பா படிப்பை நிறுத்திவிட்டார். ஒரு படத்துக்கு ஒரு பட்டம் விலை.

ஆகவே நான் கேட்பது இவை. மலைக்குப் போகும் பெண்களுக்குப் பேருந்து விடுங்கள். தோட்டத்தில் கழிப்பறையும் உட்கார இடமும் கட்டுங்கள். காயின் விலை ஏறும்போது கூலியும் ஏறட்டும். ஊருக்குள் கடை வேண்டாம் என்று பெண்கள் சொன்னால் அந்தச் சொல்லே இறுதியாகட்டும். கல்லூரிகள் மாணவியின் மதிப்பெண்ணைப் பார்க்கட்டும், அவள் மேசையைப் பார்க்க வேண்டாம். பீர் காய்ச்சுகிறவர்கள் எங்களுக்கென்று தனியாக இனிப்பு கலக்க வேண்டாம். கலன் பக்கத்தில் பெண்களையும் வேலைக்கு வைக்கட்டும், தேயிலைக்கும் ஏலத்துக்கும் நியாய விலை கொடுக்கட்டும்.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். பீர் குடியுங்கள் என்றும் சொல்லவில்லை, குடிக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. அது உங்கள் வீட்டுப் பாடம். நாளைக் காலை உங்கள் ஊர் டீக்கடைக்கு இரண்டு பேராகப் போங்கள். பார்சல் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெஞ்சில் உட்காருங்கள். பக்கத்தில் நிற்கும் காட்டுவேலைக்காரப் பெண்ணுக்குத் தள்ளி இடம் கொடுங்கள். சர்க்கரை எவ்வளவு என்பதை நீங்களே சொல்லுங்கள்.